ஒரே ஒரு சீஸ்மோமீட்டரை வச்சு செவ்வாயோட வயித்துக்குள்ள எப்படிப் பார்த்தாங்க?

சம்மட்டி
வணக்கம் மக்களே. நான் பாலம், சுரங்கப்பாதை வேலைகளுக்கு ரிஃப்ராக்‌ஷன் சர்வே எடுக்குற டீம்ல இருக்கேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், தரையில 24 ஜியோஃபோனை (தரை அதிர்வை உணர்ற சின்னக் கருவி) வரிசையா குத்தி வச்சுட்டு ஒரு ஓரத்துல இரும்புத் தட்டு மேல சம்மட்டியால அடிப்போம், அந்த அதிர்வு ஒவ்வொரு ஜியோஃபோனுக்கும் எத்தனை மில்லிசெகண்ட்ல வந்துச்சுன்னு பார்த்து எங்க மண்ணு முடியுது, எங்க கெட்டிப்பாறை ஆரம்பிக்குதுன்னு கணக்கு போடுவோம். இத்தனையும் இருபது முப்பது மீட்டர் ஆழத்துக்குத்தான். அதுக்கே பக்கத்துல ஒரு போர் (ஆழ்துளை) போட்டு சரிபார்க்காம யாரும் ரிப்போர்ட்ல கையெழுத்து வைக்க மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாசாவோட இன்சைட் லேண்டர் 2018 நவம்பர் 26ல எலிசியம் சமவெளில இறங்குச்சு, டிசம்பர்ல ஒரு சீஸ்மோமீட்டரை (நில அதிர்வை அளக்குற கருவி) இயந்திரக் கையால எடுத்து தரையில வச்சுது. ஒண்ணே ஒண்ணு. செவ்வாயோட ஆரம் 3,390 கி.மீ. எங்க அதிர்ந்ததுன்னு தெரியாது, எத்தனை மணிக்கு அதிர்ந்ததுன்னு தெரியாது, நடுவுல அலை என்ன வேகத்துல போகும்னும் தெரியாது. எங்க வேலைல இந்த மூணுல ரெண்டு கையில இருக்கும். அவங்களுக்கு ஒண்ணுமே இல்லாம நடுவுல இருக்குற உலோகக் கோர் இத்தனை கிலோமீட்டர்னு எப்படி சொன்னாங்க? பேப்பர் படிச்ச யாராவது முறையை விளக்குங்க. மேலோட்டமா வேண்டாம், எனக்கு அந்த கணக்கோட வழி புரியணும்.

அலைநீளம்
நல்ல கேள்வி சம்மட்டி. நான் பூகம்பவியல்தான் படிச்சேன், செவ்வாய் என் நேரடி வேலை இல்ல, ஆனா இந்த டேட்டாவை வந்த நாள்லேர்ந்து விடாம பார்த்துட்டு இருக்கேன்.

ஒரு கருவின்னு சொல்றோம், ஆனா அது மூணு திசையிலயும் அசைவை அளக்குது. முதல்ல பி அலை வரும், அது போற திசையிலயே தரையை தள்ளி இழுக்கும். அதனால பி வந்த முதல் சில செகண்டுல தரை எந்தப் பக்கமா ஆடுச்சுன்னு பார்த்தா நடுக்கம் எந்தத் திசைலேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். அப்புறம் எஸ் அலை வரும். பி-க்கும் எஸ்-க்கும் நடுவுல எத்தனை செகண்டோ அத வச்சு தூரம். திசையும் தூரமும் சேர்ந்தா ஒரு இடம் கிடைச்சுது. பூமியில முதல் ஸ்டேஷன்கள் வந்த காலத்துலயும் இப்படித்தான் பண்ணாங்க.

ஆனா நீங்க சொன்ன சிக்கல் அப்படியே இருக்கு, தூரம் கணக்கு போட வேகம் தெரியணும், வேகம் தெரிய தூரம் தெரியணும். அதுக்கு அவங்க ஒரே ஒரு விடையைத் தேடல. செவ்வாயோட மொத்த எடை, அதோட நிலைமத் திருப்புத்திறன் (எடை உள்ள எப்படிப் பரவியிருக்குன்னு காட்டுற எண்), செவ்வாய்லேர்ந்து வந்த விண்கற்கள்ல இருக்குற வேதியியல், இதுக்கெல்லாம் ஒத்துவர்ற மாதிரி ஆயிரக்கணக்குல உள்ளமைப்பு மாடல்களை கம்ப்யூட்டர்ல உண்டாக்கி, எது எது எல்லா நடுக்கத்தோட வருகை நேரத்தையும் சேர்த்து விளக்குதோ அதை மட்டும் வச்சுக்கிட்டாங்க. மிஞ்சினது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தோட அகலம்தான் பேப்பர்ல கூட்டல்-கழித்தல்னு வர்ற எண். அதைப் பார்க்காம நடு எண்ணை மட்டும் பார்க்குறதுதான் செய்தியில நடக்குற தப்பு.

கோருக்கு வருவோம். நடுக்கத்துலேர்ந்து கிளம்பின எஸ் அலை கீழ போகுது, திரவத்துக்குள்ள எஸ் அலை போகவே முடியாது, அதனால திரவத்தோட எல்லைல பட்டு மேல திரும்பி வரும். நேரா வந்த எஸ் அலைக்கு சில நிமிஷம் கழிச்சு மெலிசா ஒரு துடிப்பு. அத விரல்விட்டு எண்ணுற அளவு நடுக்கங்கள்லதான் பிடிக்க முடிஞ்சுது. 2021 ஜூலைல சைமன் ஸ்டேலர் குழு சயன்ஸ் இதழ்ல வெளியிட்டது அதுதான்: எல்லை நடுப்புள்ளிலேர்ந்து 1,830 கி.மீ., 40 முன்ன பின்ன.

யாழ்நிலவன்
நல்ல விளக்கம் அக்கா. எனக்கொரு சந்தேகம். செவ்வாயில காத்து அடிக்குதெல்லோ, தூசிப் புயல் வேற வருது. அவ்வளவு மெல்லிய அதிர்வை காத்துச் சத்தத்திலயிருந்து எப்பிடிப் பிரிச்சு எடுத்தவை? வைக்கிங்கிலயும் சீஸ்மோமீட்டர் போனது எண்டு வாசிச்சிருக்கிறன், அதில ஒண்டும் பெரிசா கிடைக்கேல்ல.

அலைநீளம்
யாழ்நிலவன், அந்த வைக்கிங் அனுபவத்துனாலதான் இன்சைட்டே இப்படி வடிவமைக்கப்பட்டுச்சு. 1976ல ரெண்டு லேண்டர் இறங்குச்சு. ஒண்ணுல கருவியோட பூட்டே திறக்கல. இன்னொண்ணுல வேலை செஞ்சுது, ஆனா லேண்டர் மேல்தளத்துலயே வச்சிருந்ததால காத்துல லேண்டர் ஆடுறதைத்தான் பெரும்பாலும் பதிவு பண்ணுச்சு. அதனாலதான் இன்சைட் கருவியை தரையில இறக்கி, அதுக்கு மேல காத்தும் வெயிலும் படாம ஒரு மூடி கவுத்தாங்க.

பிரான்ஸ்காரங்க செஞ்ச சென்சார் அது, ஹைட்ரஜன் அணுவோட அளவை விட சின்ன அசைவையும் உணரும். சென்சார் இருக்குற வெற்றிடக் கோளத்துல கசிவு இருந்ததாலதான் 2016 மார்ச்சுல கிளம்ப வேண்டியது 2018 மே-க்கு தள்ளிப் போச்சு. ரெண்டு வருஷம் காத்திருந்து சரிபண்ணி அனுப்பினாங்க, அந்தப் பொறுமைக்குத்தான் நாம இப்ப பேசிட்டு இருக்கோம்.

காத்து விஷயம்: அங்க சாயங்காலம் சூரியன் மறைஞ்சப்புறம் காத்து அடங்கிரும். சின்ன நடுக்கங்கள்ல பெரும்பாலானது அந்த அமைதியான சில மணி நேரத்துலதான் சிக்குச்சு. பகல்லயும் நடந்திருக்கும், காத்து முழுங்கிரும். கூடவே காத்து வேகம், அழுத்தம், காந்தப்புலம்னு தனி சென்சாருங்க இருந்துச்சு, ஒரு துடிப்பு வந்தா அதே நேரத்துல காத்து எழுந்துச்சான்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 6ல முதல் நடுக்கம், 2022 டிசம்பர்ல சோலார் பேனல்ல தூசி படிஞ்சு சத்தம் நின்னு போற வரைக்கும் மொத்தம் 1,319.

செம்மண்காடு
எனக்கு ஒரு அடிப்படை மனத்தாங்கல் இருக்கு, நேரடியா சொல்லிடறேன். 2021ல 1,830 கி.மீ.ன்னாங்க. 2023ல ரெண்டு குழு வந்து இல்ல இல்ல 1,650, 1,675ன்னாங்க. 2025ல சீனாவுலேர்ந்து ஒரு குழு கோர் முழுக்க திரவம் இல்ல, நடுவுல 600 கி.மீ. ஆரத்துக்கு கெட்டியா ஒரு உள்கோர் இருக்குங்குறாங்க. அத்தனை பேரும் பார்த்தது அதே கருவியோட அதே டேட்டா, புதுசா ஒரு துடிப்பு கூட சேரல. நான் ஃபேக்டரில குவாலிட்டி பார்க்குறவன், ஒரே பாகத்தை மூணு பேர் அளந்து மூணு எண் வந்தா அளவுகோலைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். இதுல மட்டும் ஏன் எல்லாரும் கை தட்டணும்?

சம்மட்டி
நானும் இதைத்தான் அடுத்து கேக்கலாம்னு இருந்தேன். அக்கா, இதுக்கு பொறுமையா பதில் சொல்லுங்க.

அலைநீளம்
செம்மண்காடு, உங்க கேள்வி நியாயமானது, அதனால முழுசா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஒரு கணக்கைப் பாருங்க. 2023ல வந்த ரெண்டு பேப்பரும், அமிர் கான் தலைமையில ஜூரிச் குழு, ஹென்றி சாமுவேல் தலைமையில பாரிஸ் குழு, தனித்தனியா வேலை பார்த்து நேச்சர்ல ஒரே நாள்ல வெளியிட்டது, என்ன சொல்லுது? உலோகக் கோரோட ஆரம் 1,650லேர்ந்து 1,675 கி.மீ., அதுக்கு மேல சுமார் 150 கி.மீ. தடிமனுக்கு உருகின பாறை, அதுக்கு மேல கெட்டியான மேன்டில், அதாவது கோருக்கும் மேலோட்டுக்கும் நடுவுல இருக்குற பாறை அடுக்கு. இப்ப 1,675ஓட 150ஐ கூட்டுங்க. 1,825. 2021ல அளந்த அதே எல்லை! எஸ் அலை திரவத்துல பட்டு திரும்பும்னு சொன்னேன்ல, அது உருகின உலோகமா உருகின பாறையான்னு எஸ் அலைக்கு வித்தியாசம் கிடையாது, ரெண்டுக்குள்ளயும் போக முடியாது. ஆக 2021ல அளந்தது திரவத்தோட மேல் விளிம்பு, அந்த அளவு இன்னிக்கும் அப்படியே நிக்குது. அந்த விளிம்புக்குக் கீழ இருக்குறது முழுக்க உலோகம்னு எடுத்துக்கிட்ட அனுமானம்தான் மாறுச்சு.

அனுமானத்தை ஏன் மாத்துனாங்கன்னா, முதல் நாள்லேர்ந்தே அதுல ஒரு உறுத்தல் இருந்துச்சு. கோர் 1,830 கி.மீ.ன்னா அதோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6 கிராம்தான் வருது. இரும்புக்கு இது ரொம்பக் குறைவு, அத்தனை லேசாகணும்னா கந்தகம், ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன்னு அள்ளிப் போட்டு கலக்கணும். சூரியக் குடும்பம் உருவான காலத்துல செவ்வாய் இருந்த இடத்துல அவ்வளவு கந்தகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு வேதியியல்காரங்க கேட்டுட்டே இருந்தாங்க. கோர் சின்னதாச்சுன்னா அடர்த்தி 6.5 கிட்ட வருது, அந்த நெருடல் பெருமளவு தீருது.

வெறும் வசதிக்காக மாத்தல, ஆதாரமும் வந்துச்சு. 2021 செப்டம்பர் 18ல செவ்வாயோட மறுபக்கம், இன்சைட்லேர்ந்து ஏழாயிரம் கி.மீ.க்கு மேல தள்ளி, ஒரு விண்கல் விழுந்துச்சு. அதோட பி அலை கோரோட விளிம்பை உரசிக்கிட்டே வளைஞ்சு வந்து சேர்ந்துச்சு. வரவேண்டிய நேரத்தை விட அது தாமதம். மேன்டிலோட அடிப்பாகம் கெட்டிப்பாறைன்னா அந்தத் தாமதம் வராது, அங்க வேகம் குறையுற ஏதோ ஒரு அடுக்கு இருந்தாகணும். அதுதான் உருகின அடுக்கு. நீங்க சொன்னீங்களே புதுசா துடிப்பு சேரலன்னு, உண்மையில 2021 ஜூலை பேப்பர் வந்தப்ப இந்த மோதல் நடக்கவே இல்ல.

செம்மண்காடு
இந்த 1,825 கூட்டல் நான் எந்த செய்தியிலயும் பார்க்கல. எல்லாத்துலயும் "செவ்வாயின் மையம் சிறியது" அப்படின்னுதான் தலைப்பு. சரி, மோதல் விஷயத்துல ஒரு கேள்வி. அது விண்கல்தான்னு எப்படித் தெரியும்?

கிரகணன்
இதுக்கு நான் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. மேல சுத்திட்டு இருக்குற மார்ஸ் ரிகான்சன்ஸ் ஆர்பிட்டர் படம் எடுக்கும். முன்னாடி எடுத்த படம், பின்னாடி எடுத்த படம் ரெண்டையும் பக்கத்துல வச்சா புதுக் குழி பளிச்சுன்னு தெரியும். 2021 டிசம்பர் 24ல நாலு மேக்னிட்யூட்ல ஒரு நடுக்கம் பதிவாச்சு, ரெண்டு மாசம் கழிச்சு அமேசானிஸ் சமவெளில சுமார் 150 மீட்டர் அகலத்துல புதுக் குழி கண்ணுல பட்டுச்சு, உள்ள இருந்த பனிக்கட்டி வெள்ளையா வெளிய சிதறிக் கெடந்துச்சு. தேதியை ஒப்பிட்டுப் பார்த்தா அதே நாள்.

சம்மட்டி அண்ணே, உங்க முதல் கேள்விக்கு இதுதான் பாதி பதில்னு நான் நினைக்கிறேன். எங்க அடிச்சதுன்னு தெரியாதுன்னீங்க. இந்த ரெண்டு மோதலுக்கும் படம் இருக்கு, எங்கன்னு துல்லியமா தெரியும். உங்க சம்மட்டி அடிக்கு சமானம்.

சம்மட்டி
அட ஆமா! இடம் தெரிஞ்சா தூரம் தெரியுது, மேல்மட்டத்துல நடந்ததுனால ஆழமும் பூஜ்யம். பி, எஸ் நேர வித்தியாசத்துலேர்ந்து வேகத்தைக் கட்டிப்போட்டுரலாம். அந்த வேகத்தை வச்சு மத்த ஆயிரத்துச் சொச்சம் நடுக்கத்தையும் திருத்திக்கலாம். எங்க வேலைல போர் போட்டு சரிபார்க்குறதுக்கு பதிலா அவங்களுக்கு வானம் போட்டுக் கொடுத்துருக்கு. இப்பதான் எனக்கு வழி தெரியுது.

அப்ப 2022 மே 4ல வந்த பெரிய நடுக்கம், அதுவும் மோதலா?

கிரகணன்
இல்ல. அது 4.7, மணிக்கணக்குல கிரகமே அதிர்ந்துட்டு இருந்துச்சு. மோதலா இருக்குமோன்னு முதல்ல சந்தேகம் வந்துச்சு, அவ்வளவு பெரிய மோதல்னா குழி முன்னூறு மீட்டருக்கு அகலமா இருக்கணும், யார் கண்ணுலயும் தப்பாது. அதனால செவ்வாயைச் சுத்திட்டு இருந்த எல்லா நாட்டுக்காரங்களையும் கேட்டாங்க, ஐரோப்பா, சீனா, அமீரகம், நம்ம இஸ்ரோ உட்பட. எல்லாரும் தேடுனாங்க, குழி கிடைக்கல. அதனால அது செவ்வாயோட மேலோட்டுலயே தேங்கி இருந்த அழுத்தம் விடுபட்டதுன்னு 2023ல முடிவுக்கு வந்தாங்க. நாடு நாடா பிரிஞ்சு கெடக்குற காலத்துல ஒரு குழியைத் தேட எல்லாரும் சேர்ந்தது எனக்கு மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

இன்னொண்ணு, இடம் தெரிஞ்ச நல்ல நடுக்கங்கள்ல கணிசமானது செர்பரஸ் பிளவுகள்னு ஒரு பகுதிலேர்ந்து வருது. பூமி மாதிரி தட்டுகள் நகர்ற கிரகம் இல்ல செவ்வாய், ஆனா அந்த ஒரு இடத்துல இன்னும் உயிர் இருக்கு.

நாமக்கல்லார்
நடுவுல ஒரு விஷயம். நிலாவுல அப்போலோ ஆளுங்க கலத்தை மோத விட்டப்ப மணி அடிச்ச மாதிரி ஒரு மணி நேரம் அதிர்ந்துச்சாமே, அதனால நிலா உள்ள காலின்னு ஒரு வீடியோ வாட்சப்ல சுத்துது. என் பையன் பள்ளிக்கூடத்துல இதைப் பத்தி பேசணுமாம். சரியா எப்படி விளக்குறது?

அலைநீளம்
அதிர்ந்தது உண்மைதான் சார். 1969 நவம்பர்ல அப்போலோ 12 ஓட ஏறு கலத்தை மோத விட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அப்போலோ 13 ஓட ராக்கெட் பகுதி மோதினப்ப மூணு மணி நேரத்துக்கு மேல. காரணம், நிலாவோட மேலோடு கோடிக்கணக்கான வருஷமா அடிவாங்கி நொறுங்கி விரிசல் விட்டுக் கெடக்கு, அலை ஒவ்வொரு விரிசல்லயும் பட்டுப் பட்டு சிதறி சுத்திச் சுத்தி வருது. தண்ணி துளி கூட இல்லாத காய்ஞ்ச பாறைங்குறதால அதிர்வு சக்தி சீக்கிரம் செத்துப் போறதில்ல. பூமியில பாறை இடுக்குல இருக்குற தண்ணி அதை சீக்கிரம் உறிஞ்சிரும்.

காலி இல்லங்குறதுக்கு பையனுக்கு ஒரே ஒரு எண் போதும். ஒரு உருண்டை முழுக்க ஒரே சீரா நிறைஞ்சிருந்தா அதோட நிலைமத் திருப்புத்திறன் எண் 0.4. உள்ள காலியா வெறும் ஓடா இருந்தா அது 0.67 வரைக்கும் ஏறும். நடுவுல கனம் கூடுதலா இருந்தா 0.4க்கு கீழ இறங்கும். நிலாவுக்கு 0.393. நடுவுல கொஞ்சம் கனமா ஒரு சின்னக் கோர் இருக்குன்னு அர்த்தம். செவ்வாய்க்கு 0.364, பூமிக்கு 0.33.

அந்தக் கோரையும் அப்புறம் பார்த்துட்டாங்க. அப்போலோ 12, 14, 15, 16 நாலும் வச்ச கருவிங்க 1977 செப்டம்பர் வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் செலவுன்னு நிறுத்திட்டாங்க. அந்தப் பழைய பதிவை 2011ல ரெனீ வெபர் குழு புது முறையில திரும்ப அலசுனாங்க, 330 கி.மீ. ஆரத்துல திரவக் கோர், அதுக்குள்ள 240 கி.மீ. ஆரத்துல கெட்டியான உள்கோர்னு வந்துச்சு. முப்பத்தி நாலு வருஷம் கழிச்சு! செம்மண்காடு, அதே டேட்டாதானேன்னு நீங்க கேட்டதுக்கு இதையும் பதிலா வச்சுக்கங்க.

நாமக்கல்லார்
ரொம்ப நன்றி மேடம், 0.393 எழுதிக் கொடுத்துட்டேன். எங்க ஊர்க்காரனா ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அனார்த்தசைட்டுங்குற வெளிர் நிறப் பாறை இருக்கு, இஸ்ரோ அதை அரைச்சுத்தான் நிலா மண்ணு மாதிரி செஞ்சு லேண்டர், ரோவரைச் சோதிச்சாங்க. சந்திரயான் 3 ரோவர் 2023 ஆகஸ்ட்ல தென்துருவப் பக்கம் அளந்ததும் அதே குடும்பத்துப் பாறைதான்னு வந்துச்சு. ஆரம்பத்துல நிலா முழுக்க உருகிக் கெடந்து, லேசான கனிமம் மேல மிதந்து ஆறி ஓடாச்சுங்குற கருத்துக்கு அது வலு சேர்க்குதுன்னு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்து (பிஆர்எல்) குழு 2024ல நேச்சர்ல எழுதினாங்க. எங்க ஊரு பாறை வேற விதமா, பூமிக்குள்ள மாக்மா ஆறி உண்டானது, ஆனா சேர்மானம் கிட்டத்தட்ட ஒண்ணு.

யாழ்நிலவன்
சந்திரயான் எண்டதும் ஞாபகம் வருது, வெப்பத்தையும் அளந்தவை தானே? செவ்வாயில அந்த வெப்பம் அளக்கிற கருவி என்ன ஆனது? கோர் எவ்வளவு சூடு எண்டு தெரிஞ்சாத்தான் மிச்சக் கதையும் தெரியவரும் எண்டு நினைக்கிறன்.

சம்மட்டி
இது எனக்குத் தெரியும், மண்ணு சம்பந்தப்பட்டதால தேடிப் படிச்சேன். ஜெர்மன்காரங்க செஞ்ச ஒரு முளை, 40 செ.மீ. நீளம், உள்ள ஒரு சுத்தியல் தானே அடிச்சு அடிச்சு இறங்கும். அஞ்சு மீட்டர் வரைக்கும் போகணும். ஆனா சுத்தியல் அடிக்குறப்ப பின்னால உதைக்கும்ல, அந்த உதையைத் தாங்க சுத்தி இருக்குற மண்ணு முளையைப் பிடிச்சுக்கணும். அங்க மண்ணு பொருக்கு மாதிரி கட்டி நின்னு பக்கத்துல பள்ளம் விட்டுருச்சு, பிடிமானம் இல்ல. கையால அழுத்தி, பக்கத்துல தள்ளி, மேல தட்டி எல்லாம் பார்த்தாங்க. முளை தரைமட்டத்துக்குக் கீழ மறைஞ்சுதே தவிர ஆழமா போகல. 2021 ஜனவரில விட்டுட்டாங்க. அதனால செவ்வாய்க்குள்ளேர்ந்து எவ்வளவு வெப்பம் வெளிய வருதுன்னு நேரடி அளவு இன்னிக்கு வரைக்கும் கிடையாது. பூமியைத் தவிர வேற இடத்துல அந்த அளவு இருக்குறது அப்போலோ 15ம் 17ம் நிலாவுல எடுத்தது மட்டும்தான். சந்திரயானோட வெப்பம் அளக்குற கருவி சேஸ்ட் எட்டு செ.மீ. போச்சு, அது வெயில் எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு சொல்லுது, அருமையான அளவு, ஆனா உள்வெப்பத்துக்கு மீட்டர்கணக்குல போகணும்.

செம்மண்காடு
1,830 விஷயம் எனக்கு இப்ப தெளிவு, அளந்தது ஒண்ணு, அதுக்கு வச்ச பேர் வேற. ஆனா உள்கோர் விஷயத்துல இன்னும் நான் இறங்கி வரல. லேசான தனிமம் நிறைய கலந்த இரும்பு சீக்கிரம் உறையாது, அதனாலதான் கோர் முழுக்க திரவம்னாங்க. இப்ப நடுவுல 600 கி.மீ. உறைஞ்சிருக்குன்னா ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்? அப்படி உறையுதுன்னா பூமி மாதிரி காந்தப்புலம் இருக்க வேண்டாமா?

அலைநீளம்
இதுல நான் உங்க பக்கம் பாதி நிக்கிறேன். அவங்க வாதம் என்னன்னா, கோருக்குள்ள நுழைஞ்சு வந்த அலை, முழுக்க திரவமா இருந்தா வரவேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வந்துருக்கு, உள்கோர் மேல பட்டுத் திரும்பின அலையும் தெரியுதுங்குறாங்க. பயன்படுத்துனது 23 நடுக்கம், ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா சத்தத்துல மூழ்கிக் கெடக்கும், அத்தனையும் அடுக்கி ஒண்ணா சேர்த்தாதான் தலை தூக்குது. அடுக்குறப்ப ஒவ்வொரு நடுக்கத்தோட தூரமும் சரியா இருக்கணும், அதுல பல நடுக்கத்துக்கு படம் கெடையாது. அதனால எனக்கு இது 2021 எல்லை அளவுக்கு உறுதியான விஷயம் இல்ல. வேற குழு வேற முறையில அதே டேட்டாவுலேர்ந்து எடுக்குற வரைக்கும் நான் பென்சில்லதான் எழுதி வைப்பேன்.

காந்தப்புலம் கேள்விக்கு: செவ்வாயோட தெற்குப் பாறைகள்ல காந்தம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, மார்ஸ் குளோபல் சர்வேயர் கண்டுபிடிச்சது. ஆக ஒரு காலத்துல டைனமோ, அதாவது திரவக் கோர் கலங்கி காந்தப்புலம் உண்டாக்குறது, ஓடிட்டு இருந்துச்சு, நானூறு கோடி வருஷம் முன்னால கிட்ட நின்னு போச்சு. இப்ப உருகின பாறை அடுக்கு கோரை சுத்தி இருந்தா அது வெப்பத்தை வெளிய விடாது, கோர் ஆறாது, ஆறாட்டி உள்ள கலங்காது, கலங்காட்டி காந்தம் இல்ல. அப்படிப் பார்த்தா உருகின அடுக்கு இன்னிக்கு காந்தப்புலம் இல்லாததை நல்லா விளக்குது, ஆனா உள்கோர் உறையுறதை கஷ்டமாக்குது. ரெண்டு முடிவும் முழுசா சரியா இருக்க முடியுமாங்குறதுதான் இப்ப இந்தத் துறையில நடக்குற உண்மையான சண்டை. இன்னொரு ஸ்டேஷன், அதுவும் எலிசியத்துக்கு எதிர்ப்பக்கமா ஒண்ணு வச்சா தீர்ந்துரும். அதுக்கு யார்கிட்டயும் இப்ப உறுதியான திட்டம் இல்லங்குறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கேமராவோட ரோவர் போகுது, படம் அழகா வருது, சீஸ்மோமீட்டருக்கு மட்டும் காசு கேட்டா இழுக்குறாங்க.

சம்மட்டி
அந்த டேட்டா நாமளே எடுத்துப் பார்க்க முடியுமா அக்கா? ஜியோஃபோன் ஃபைல் ஓட்டத் தெரியும், பைத்தானும் ஓரளவு தெரியும்.

அலைநீளம்
தாராளமா. முழுக்க இலவசம், நாசாவோட கோள் டேட்டா காப்பகத்துலயும் அமெரிக்காவோட பூகம்ப டேட்டா மையத்துலயும் இருக்கு. நெட்வொர்க் பேர் எக்ஸ்பி (XB), ஸ்டேஷன் பேர் எலிஸ் (ELYSE). மினிசீட்ங்குற பூகம்பப் பதிவு ஃபார்மேட், ஓப்ஸ்பைங்குற பைத்தான் லைப்ரரி நேரா படிக்கும். ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, சென்சார் மூணும் மேல்-வடக்கு-கிழக்குன்னு இல்ல, சாய்வா யு, வி, டபிள்யூன்னு இருக்கும், மெட்டாடேட்டாவுல இருக்குற கோணத்தை வச்சு முதல்ல சுழற்றிக்கணும், இல்லாட்டி திசை தப்பா வரும். ரெண்டு, நடுவுல நடுவுல ஒரு பக்கமா குதிக்குற கிளிட்ச் வரும், குளிர்ல கருவி சுருங்குறப்ப வர்றது, அதை நடுக்கம்னு எடுத்துறாதீங்க. முதல்ல 2022 மே 4 பதிவை எடுங்க, அதுல பி, எஸ், மேற்பரப்பு அலை எல்லாம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் 2021 டிசம்பர் 24.

செம்மண்காடு
சம்மட்டி, நீங்க டிசம்பர் 24 பதிவை எடுத்தா பி, எஸ் நேரத்தை இங்க போடுங்க. குழியோட அட்சரேகை தீர்க்கரேகை வச்சு தூரம் நான் கணக்கு போடறேன், சராசரி வேகம் என்ன வருதுன்னு பார்ப்போம்.

சம்மட்டி
டவுன்லோட் ஓடிட்டு இருக்கு. சுழற்சிக் கோணம் எந்த ஃபைல்ல இருக்குன்னு தேடுறேன், கிடைச்சதும் படத்தோட வரேன்.